“பசங்கதானே, தப்பு நடந்துடும்”: பாலியல் குற்றம் பற்றி அரசியல்வாதிகள் பேசும் பேச்சும், அதன்மேல் வரும் கோபமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்படி ஒரு பேச்சு வெளியே வரும்போதெல்லாம் இரண்டு நாள் தீயாய் எரிகிறது. மூன்றாம் நாள், “இவ்வளவு கூச்சல் தேவையா?” என்று கேட்பவர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாமே மோசமானவை இல்லை, சிலவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

எந்தப் பேச்சுகளைச் சொல்கிறீர்கள்?

பட்டியல் நீளம். இந்தப் பக்கத்தில் அதிகம் வரப்போவது இவைதான். 2014 ஏப்ரல் 10, உத்தரப் பிரதேசம் மொராதாபாத் தேர்தல் கூட்டத்தில் சமாஜ்வாதி கட்சித் தலைவர் முலாயம் சிங் யாதவ் பேசியது. அதே ஆண்டு ஜூனில் மத்தியப் பிரதேச பாஜக அரசின் உள்துறை அமைச்சர் பாபுலால் கவுர், வன்புணர்ச்சி “சில நேரம் சரி, சில நேரம் தவறு” என்றது. 2021 டிசம்பரில் கர்நாடக சட்டமன்றத்தில் காங்கிரஸ் உறுப்பினர் ரமேஷ் குமார் சொன்ன ‘பழமொழி’. வெளிநாட்டில் இரண்டு: 2011இல் பிரிட்டன் நீதித்துறை அமைச்சர் கென்னத் கிளார்க், 2012இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து செனட் வேட்பாளர் டாட் ஏகின்.

இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. கவுர் சொன்னதும் கிளார்க் சொன்னதும் ஒன்றல்ல. ஒருவர் மாநிலப் போலீசையே கையில் வைத்திருந்தவர், எந்த வன்புணர்ச்சி ‘சரி’ என்று கடைசிவரை விளக்கவில்லை. மற்றவர் தண்டனைக் கொள்கை பற்றிப் பேசப்போய் வாயால் கெட்டவர்.

முலாயம் சொன்னதில் அப்படி என்ன தப்பு? தூக்கு வேண்டாம் என்றுதானே சொன்னார்?

பின்னணியைப் பார்த்தால்தான் புரியும். 2013இல் மும்பையின் பாழடைந்த சக்தி மில்ஸ் வளாகத்தில் இரண்டு கூட்டு வன்புணர்ச்சிக் குற்றங்கள், ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. இரண்டிலும் இருந்த மூன்று பேருக்கு 2014 ஏப்ரல் 4 அன்று மும்பை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2012 டிசம்பர் 16 டெல்லி கூட்டு வன்புணர்ச்சிச் சம்பவத்துக்குப் பிறகு, 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் கொண்டுவந்த 376இ என்ற பிரிவு, அதாவது ஒருமுறை செய்து தண்டனை பெற்றவன் மறுபடி செய்தால் தூக்கு வரை போகலாம் என்ற பிரிவு, முதல்முறை பயன்பட்டது அங்கேதான்.

தீர்ப்பு வந்து ஆறு நாளில் முலாயம் மேடை ஏறினார். பசங்கள் பசங்கள்தான், தவறு நடந்துவிடும், அதற்காகத் தூக்கில் போடுவதா என்று கேட்டார். அதோடு நிறுத்தவில்லை. பையனும் பெண்ணும் நட்பாகத்தான் இருக்கிறார்கள், சண்டை வந்ததும் அந்தப் பெண் போய் வன்புணர்ச்சி என்று புகார் கொடுத்துவிடுகிறாள் என்றார். ஆட்சிக்கு வந்தால் இந்த மாதிரிச் சட்டங்களை மாற்றுவோம், பொய்ப் புகார் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்றும் சொன்னார்.

இப்போது அதை சக்தி மில்ஸ் மேல் வைத்துப் பாருங்கள். அங்கே நட்பு எங்கே இருந்தது, சண்டை எங்கே வந்தது? ஆகஸ்டில் பாதிக்கப்பட்டவர் வேலை விஷயமாகப் படம் எடுக்கப் போன பத்திரிகைப் படக்காரர், குற்றவாளிகள் அவருக்கு முன்பின் தெரியாதவர்கள். அந்த வழக்கின் தண்டனையைச் சாக்காக வைத்து, ஊரில் உள்ள எல்லாப் புகார்மேலும் சந்தேகத்தைத் தெளித்துவிட்டுப் போனார்.

அப்படியென்றால் தூக்குத் தண்டனையை எதிர்ப்பவர்கள் எல்லாரும் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறார்களா?

இல்லவே இல்லை. நீதிபதி ஜே.எஸ். வர்மா, லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் மூவரும் இருந்த குழு 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை கொடுத்தது. இன்றைய சட்டத் திருத்தங்கள் பலவற்றுக்கு அதுதான் அடித்தளம். அந்தக் குழுவே வன்புணர்ச்சிக்குத் தூக்கு வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தது. அரசுதான் அதை ஒதுக்கிவிட்டுத் தூக்கைச் சேர்த்தது. சக்தி மில்ஸ் மூவரின் தூக்கையும் 2021 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், சாகும்வரை சிறை என்று குறைத்தது. அதற்காக அந்த நீதிபதிகளை யாரும் முலாயத்தோடு ஒப்பிடவில்லையே?

முடிவு ஒன்றாக இருக்கலாம், அதற்குப் போன வழிதான் வேறு. வர்மா குழு குற்றத்தின் கொடுமையை ஒரு துளிகூடக் குறைக்காமல் தண்டனையைப் பற்றிப் பேசியது. முலாயம் குற்றத்தையே ‘தவறு’ என்று சுருக்கிவிட்டுத்தான் தண்டனைக்கு வந்தார்.

குற்றத்தில் சின்னது, பெரியது கிடையாதா? சட்டமே வேறு வேறு தண்டனை வைத்திருக்கிறதே?

நல்ல கேள்வி. இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் வன்புணர்ச்சிக்குக் குறைந்தது 10 ஆண்டு. பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்கு உட்பட்ட சிறுமி என்றால் குறைந்தது 20. 12 வயதுக்குக் கீழ் என்றால் தூக்கு வரை போகலாம். கூட்டு வன்புணர்ச்சிக்குக் குறைந்தது 20. செய்தவர் போலீஸ்காரர், அரசு ஊழியர், மருத்துவமனை ஊழியர், நெருங்கிய உறவினர் என்றால் அதுவும் தனிப்பட்ட கடுமையான வகை.

இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறதா? செய்தவன் எவ்வளவு அதிகாரத்தில் இருந்தான், எத்தனை பேர் சேர்ந்து செய்தார்கள், அந்தப் பெண் எவ்வளவு நிராதரவான நிலையில் இருந்தாள், எவ்வளவு காயம் – சட்டம் இதையெல்லாம் வைத்து எடை போடுகிறது. மேடையில் போடும் எடை வேறு மாதிரி. அவள் என்ன உடுத்தியிருந்தாள், எத்தனை மணிக்கு வெளியே போனாள், அவனை முன்பே தெரியுமா, குடித்திருந்தாளா. அதாவது, தராசில் செய்தவனை ஏற்றாமல் பாதிக்கப்பட்டவளை ஏற்றுவது.

‘தெரிந்தவன்’ என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022க்குப் பதிவு செய்த வன்புணர்ச்சி வழக்குகள் 31,516. ஆண்டுதோறும் அந்தக் கணக்கில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்படுபவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான்: உறவினர், அண்டை வீட்டுக்காரர், நண்பர், கூட வேலை செய்பவர். தெரிந்தவன் செய்தால் குற்றம் கொஞ்சம் லேசு என்று ஒரு தலைவர் சொன்னால், இருக்கிற வழக்குகளில் பெரும்பாலானவற்றை அவர் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார் என்று அர்த்தம்.

கென்னத் கிளார்க் விவகாரம் என்ன? அவர் உண்மையைத்தானே சொன்னார் என்கிறார்களே?

இது கொஞ்சம் சிக்கலானது, அதனால் நிறுத்திச் சொல்கிறேன்.

2011 மே 18. குற்றத்தை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்பவர்களுக்குத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிவு என்று இருந்ததைப் பாதியாக உயர்த்தலாம் என்று கிளார்க் யோசனை வைத்திருந்தார். எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாக. அப்படி ஒப்புக்கொண்டால் பாதிக்கப்பட்டவர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அது ஒன்றும் அபத்தமில்லை.

பிபிசி ரேடியோ 5 லைவில் விக்டோரியா டெர்பிஷையர் பேட்டி எடுத்தார். வன்புணர்ச்சிக்குச் சராசரி தண்டனையே ஐந்து ஆண்டுதானே, அதிலும் பாதியா என்று கேட்டார். கிளார்க், அந்தச் சராசரியில் ‘டேட் ரேப்’ (பழகி வெளியே போகிறவரே செய்யும் வன்புணர்ச்சி) எல்லாம் சேர்ந்திருக்கிறது, 17 வயதுப் பையன் 15 வயதுப் பெண்ணோடு உறவு வைத்ததும் சேர்ந்திருக்கிறது என்றார். வன்புணர்ச்சி என்றால் வன்புணர்ச்சிதானே என்று டெர்பிஷையர் மடக்க, இல்லை என்று பட்டென்று சொன்னார் அமைச்சர். பலவந்தமாகச் செய்த ‘சீரியஸ்’ வன்புணர்ச்சிக்கு எந்த நீதிபதியும் ஐந்து ஆண்டோடு விடமாட்டார் என்ற பொருளிலும் பேசினார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட், இவரைப் பதவியை விட்டுத் தூக்குங்கள் என்று பிரதமர் கேமரூனிடம் கேட்டார்.

வழக்குக்கு வழக்கு தண்டனை மாறும் என்பதில் கிளார்க் சொன்னது சரி. ஆனால் அவர் எடுத்த உதாரணமே தப்பு. 15 வயதுப் பெண்ணின் இசைவோடு நடப்பது இங்கிலாந்தின் 2003 சட்டப்படி வேறொரு குற்றம், வன்புணர்ச்சிக் கணக்கில் அது வராது. நாட்டின் நீதித்துறை அமைச்சர், அதுவும் தொழிலால் வழக்கறிஞர், சட்டத்தைத் தப்பாகச் சொல்லி, அந்தத் தப்பின் மேல் நின்றுகொண்டு ‘சராசரி அதனால்தான் குறைவு’ என்றார். அப்புறம் ‘சீரியஸ்’ என்று ஒன்றைத் தனியாகப் பிரித்தார். பேட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, தனக்கு நடந்தது அந்த வகையில் வராதோ என்று தோன்றாமல் இருக்குமா?

அவர் வருத்தம் தெரிவித்தார், பதவியில் நீடித்தார். பாதிக் கழிவுத் திட்டத்தை அடுத்த மாதமே அரசு கைவிட்டது. எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. குறுக்கு விசாரணையிலிருந்து பெண்களை எப்படிக் காப்பாற்றுவது என்ற நியாயமான கேள்வி இந்தக் களேபரத்தில் காணாமல் போனது. போக வைத்தது அவர்தான் என்றாலும்.

டாட் ஏகின்?

இவருக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. வன்புணர்ச்சியால் கருவுற்றவருக்காவது கருக்கலைப்பை அனுமதிக்கலாமே என்று 2012 ஆகஸ்டில் ஒரு டிவி பேட்டியில் கேட்டார்கள். ‘நியாயமான’ வன்புணர்ச்சி என்றால் பெண்ணின் உடம்பே கருவைத் தடுத்துக்கொள்ளும் என்று டாக்டர்கள் சொல்லியிருப்பதாகப் பதில் சொன்னார். மருத்துவத்தில் இதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. அப்போது அவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அறிவியல் குழுவில் உறுப்பினர் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பம் ஆகிவிட்டால் அது உண்மையான வன்புணர்ச்சியே இல்லை என்பதுதான் அந்தப் பேச்சின் மறுபக்கம். சொந்தக் குடியரசுக் கட்சித் தலைவர்களே விலகச் சொல்லியும் விலகாமல், நவம்பரில் செனட் தேர்தலில் கிளேர் மெக்கேஸ்கிலிடம் தோற்றார்.

சட்டமன்றத்தில் ரமேஷ் குமார் சொன்னது ஜோக்தானே? யாரையும் குறித்துச் சொல்லவில்லையே?

2021 டிசம்பர் 16, பெலகாவி சட்டமன்றம். விவாதத்தில் பேச ஆளாளுக்கு நேரம் கேட்கிறார்கள். சபாநாயகர் காகேரி அலுத்துப்போய், இனி நிலைமையை அனுபவிக்க வேண்டியதுதான் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். உடனே ரமேஷ் குமார் எழுந்து, வன்புணர்ச்சி தவிர்க்க முடியாது என்றால் படுத்து அனுபவி என்று ஒரு பழமொழி இருக்கிறது, உங்கள் நிலைமை அதுதான் என்கிறார். சபாநாயகர் சிரிக்கிறார். வீடியோவில் அந்தச் சிரிப்புதான் முகத்தில் அறைகிறது. டெல்லி சம்பவம் நடந்து சரியாக ஒன்பதாவது ஆண்டு நிறைவு நாள் அது.

இவர் அதற்கு முன் அதே அவையின் சபாநாயகராக இருந்தவர். 2019இல் அந்த நாற்காலியில் இருந்தபோதே, தன் பெயர் திரும்பத் திரும்ப இழுக்கப்படுவதை, வன்புணர்ச்சிக்கு ஆளானவர் கோர்ட்டில் படும் பாட்டோடு ஒப்பிட்டு ஒரு சர்ச்சையைக் கிளப்பியவர். ஆக, ஒருமுறை வாய் தவறியது என்ற சமாதானமும் இங்கே செல்லாது. மறுநாள் அவையிலேயே மன்னிப்பு கேட்டார்.

யாரையும் குறிக்கவில்லை என்பது உண்மைதான். எல்லாரையும் குறித்தது.

இது ஒரு கட்சிக்காரர்கள் மட்டும் செய்கிறார்களா? பெண் தலைவர்கள் இப்படிப் பேசமாட்டார்களா?

மேலே பாருங்கள்: சமாஜ்வாதி, பாஜக, காங்கிரஸ் மூன்றும் வந்துவிட்டன. பெண் தலைவர் என்றால், 2012 பிப்ரவரியில் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் கூட்டு வன்புணர்ச்சி வழக்கு. புகார் வந்ததுமே, இது ஜோடித்த கதை என்றார் முதலமைச்சர் மம்தா பானர்ஜி. வழக்கைத் துப்புத் துலக்கியவர் தமயந்தி சென் என்ற பெண் போலீஸ் அதிகாரி. சில வாரங்களில் அவருக்கு மாற்றல் வந்தது. 2015 டிசம்பரில் நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. ஆனால் புகார் கொடுத்த பெண் அதே ஆண்டு மார்ச்சில் இறந்துவிட்டார், தீர்ப்பைப் பார்க்கவில்லை.

நம் கட்சிக்காரர் பேசினால் ‘திரித்துவிட்டார்கள்’, அவர்கள் கட்சிக்காரர் பேசினால் ‘வக்கிரம்’ என்று பதிவு போடுபவர்களுக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெறும் பேச்சுதானே? பேச்சால் வழக்குக்கு என்ன ஆகிவிடும்?

பேசுபவர் யார் என்பதைப் பொறுத்தது. டீக்கடையில் ஒருவர் சொன்னால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். முதலமைச்சரோ உள்துறை அமைச்சரோ சொன்னால், மறுநாள் காலை ஸ்டேஷனில் எஃப்ஐஆர் எழுத உட்காரும் ஏட்டுக்கு, மேலே இருப்பவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

நமக்குத் தெரிந்த உதாரணம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். அன்றைய அரசுத் தரப்பு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடி, கோர்ட் படியேறி, 1995இல்தான் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு வாங்கினார்கள். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ‘நடக்கவில்லை’ என்று மேலே ஒருவர் சொல்லிவிட்டால் கீழே எத்தனை வருடம் போகும் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டுமா?

பொய்ப் புகார்கள் இல்லவே இல்லையா?

இருக்கின்றன. திருட்டு வழக்கில் இருக்கிற மாதிரி, வரதட்சணை வழக்கில் இருக்கிற மாதிரி. பொய்ப் புகார் கொடுப்பதும் குற்றம்தான், அதற்கு ஏற்கெனவே சட்டப் பிரிவு உண்டு. ஒரு குறிப்பிட்ட புகார் பொய் என்று தெரிந்தால் அந்த வழக்கில் நிரூபிக்கட்டும். கூட்டத்தில் நின்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் பொய்ப் புகார் ஒன்றுகூடக் குறையாது.

மன்னிப்பு கேட்டுவிட்டால் விடவேண்டியதுதானே?

என்ன மன்னிப்பு என்று பார்க்க வேண்டும். 2016 ஜூலையில் புலந்த்ஷஹர் அருகே நெடுஞ்சாலையில் காரில் போன குடும்பத்தை மறித்து, தாயையும் மகளையும் வன்புணர்ச்சிக்கு ஆளாக்கினார்கள். இது அரசியல் சதியாக இருக்கலாம் என்றார் அப்போதைய உத்தரப் பிரதேச அமைச்சர் ஆசம் கான். விஷயம் உச்ச நீதிமன்றம் போனது, நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்கச் சொன்னார்கள். அவர் கொடுத்த முதல் பிரமாணப் பத்திரத்தில் ‘புண்பட்டிருந்தால்’ என்கிற தொனி இருந்ததால் அதை ஏற்கவில்லை. திருத்திக் கொடுத்த இரண்டாவதைத்தான் டிசம்பரில் ஏற்றார்கள்.

அந்த வழக்கிலிருந்து ஒரு பெரிய சட்டக் கேள்வியும் பிறந்தது: அமைச்சர் பேச்சுக்குத் தனியாகக் கூடுதல் கட்டுப்பாடு போடலாமா? 2023 ஜனவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, முடியாது என்றது, பேச்சுரிமைக்கு அரசமைப்புச் சட்டத்தின் 19(2) சொல்லும் கட்டுப்பாடுகளே போதும் என்று. அமைச்சர் பேச்சை அரசின் பேச்சாகவும் எடுத்துக்கொள்ள முடியாது என்றது பெரும்பான்மை. பதவியின் பேரில், அரசின் நிலைப்பாடாகப் பேசினால் எடுத்துக்கொள்ளலாம் என்று மாறுபட்டார் நீதிபதி நாகரத்னா. எனக்கு அவர் சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது. உள்துறை அமைச்சர் மைக் முன்னால் நின்றுகொண்டு குற்றத்தைப் பற்றிப் பேசும்போது, அது எப்படித் தனிநபர் கருத்தாகும்?

இப்படிப் பேசியவர்களுக்கு ஏதாவது நடந்திருக்கிறதா?

பெரிதாக இல்லை. ஏகின் தோற்றார், தோல்விக்கு அந்தப் பேட்டிதான் காரணம் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. ரமேஷ் குமார் 2023இல் சீனிவாசபூரில் தோற்றார், அதற்கு உள்ளூர்க் காரணங்கள் ஆயிரம் இருக்கும். கவுர் பதவியில் தொடர்ந்தார். முலாயம் 2022இல் காலமானார், அடுத்த ஜனவரியில் பத்ம விபூஷண் அறிவித்தார்கள், அதுவும் எதிரணியில் இருந்த ஒன்றிய அரசு. பசங்கள் பேச்சு யாருக்கும் நினைவில் இருந்த மாதிரி தெரியவில்லை.

இன்னொரு தகவலும் உண்டு. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் 2024 ஆகஸ்டில், வேட்பாளர்கள் தாங்களே கொடுத்த பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்தது. பெண்களுக்கு எதிரான குற்ற வழக்கு தங்கள்மேல் இருப்பதாகச் சொல்லியிருந்த எம்பி, எம்எல்ஏக்கள் 151 பேர். அதில் 16 பேர்மேல் வன்புணர்ச்சி வழக்கு. வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே குற்றவாளி ஆகிவிடமாட்டார்கள், சரி. ஆனாலும் சீட்டு கொடுத்த கட்சிகளுக்கு இது தெரியும்.

கோபம் வரவேண்டிய இடத்தில் வராமல் போனதுண்டா?

உண்டு. மேடைப் பேச்சுக்குக் கொதிக்கிறோம், சுத்தமான சட்ட மொழியில் வந்தால் கவனிப்பதில்லை. கணவன் மனைவியை வன்புணர்வது, அவள் 18 வயதுக்கு மேற்பட்டவள் என்றால், நம் சட்டத்தில் இன்றும் வன்புணர்ச்சி ஆகாது. பழைய சட்டத்தில் இருந்த விலக்கை அப்படியே தூக்கிப் புதியதிலும் வைத்துவிட்டார்கள், நீக்கச் சொல்லி வர்மா குழு பரிந்துரைத்திருந்தும். 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இதில் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு, திருமண உறவுக்குள் இதை வன்புணர்ச்சி என்று சொல்வது மிகக் கடுமையானது, குற்றத்துக்குப் பொருத்தமில்லாத அளவு என்று பிரமாணப் பத்திரம் போட்டது. இதுவும் குற்றத்தின் எடையைக் குறைத்துச் சொல்வதுதான். முலாயம் கேட்டதைவிட நாகரிகமாகக் கேட்டார்கள். வைரல் வீடியோ இல்லை, ஹேஷ்டேக் இல்லை, இரண்டு நாள் தீயும் இல்லை.

என் தொகுதிக்காரர் இப்படிப் பேசினால் நான் என்ன செய்யலாம்?

முதலில் முழு வீடியோவைத் தேடிப் பாருங்கள், வெட்டிய பத்து நொடித் துண்டு போதாது. சட்டமன்றத்துக்கு உள்ளே பேசியதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 194(2)இன்படி கோர்ட்டுக்குப் போக முடியாது, அதைச் சபாநாயகரும் கட்சியும்தான் கேட்க வேண்டும். வெளியே பேசியது என்றால் மாநில மகளிர் ஆணையத்துக்கும் தேசிய மகளிர் ஆணையத்துக்கும் எழுதலாம். தேர்தல் நேரம் என்றால் தேர்தல் ஆணையத்துக்கும். பேச்சில் பாதிக்கப்பட்டவரின் பெயரோ, அடையாளம் தெரிகிற விவரமோ வந்திருந்தால் அது தனிக் குற்றம், நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அந்த மாதிரி வீடியோவைக் கோபத்தில் நீங்களும் பகிராதீர்கள். “பாருங்க, எப்படிப் பேசறான்” என்று போட்டாலும் பெயர் பரவத்தான் செய்யும், கேஸ் உங்கள்மேலும் வரும்.